சொன்னால் செய்வான்

எஸ்தான்சியா மீன்பிடித் துறைமுகத்தில் கிளாரிட்டோவைப் போல ஆசைப்படத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. சொந்தப் படகு வேண்டும், பந்தாட்டத்தில் ஜெயிக்க வேண்டும், ஆசையைச் சொன்ன மூன்றாம் நாளே நெனித்தா தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியும் கொண்டான். நான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

ஒரு புயலில் மின்சாரம் போய்விட்டது. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைச் சமையலறைக்குள் வைத்து ஓட்டினான். நெனித்தா தாய்வீட்டில் இருந்தாள். அந்தப் புகையில் மயங்கிக் கிடந்தவனை நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பிழைத்து வந்தான். நடந்தான், பேசினான், கூட்டல் கணக்குக்கூடத் தப்பாமல் போட்டான். ஆனால் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க," என்றார் இலோயிலோ நகரத்து டாக்டர். "மூளைக்குள்ள ஆழத்துல, 'எழுந்திரு, செய்'னு நம்மைக் கிளப்பிவிடுற இடம் இருக்கு. டோபமைன்னு ஒரு ரசாயனம் அங்கதான் வேலை செய்யுது. புகை அந்த இடத்தைக் கெடுத்துடுச்சு. நீங்க சொன்னா செய்வார். தானா கிளம்ப மாட்டார்."

டோபமைனைக் கூட்டும் மாத்திரை கொடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

நெனித்தா ஒருநாள் வீம்புக்கு அவனைச் சாப்பிடச் சொல்லாமல் விட்டாள். சோற்றுப்பானை எதிரிலேயே இருந்தது. மறுநாள் மதியம்வரை அவன் அதைத் தொடவில்லை.

"பசிக்கலையாடா உனக்கு?"

"பசிக்குது."

அழுதுகொண்டே ஊட்டினாள்.

அவன் தம்பி ரமில் கருவாட்டுக் களத்தில் மேஸ்திரி. "சும்மா இருக்கிறதுக்கு எங்கூட வரட்டும் அண்ணி," என்று கூட்டிப்போனான். மூங்கில் தட்டிகளில் மீனைப் புரட்டிப்போடும் வேலை. "இவனை மாதிரி பத்து பேர் கிடைச்சா நான் முதலாளி ஆயிடுவேன். சிகரெட் கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான்," என்று ரமில் சொல்ல, களமே சிரித்தது. அங்கேயே கூலிக்குப் போன நானும் சிரித்தேன்.

ஏப்ரல் வெயில். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனோம். நிறுத்து என்று அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டும் பொத்துப்போய்த் தட்டிக்கு அடியில் விழுந்து கிடந்தான்.

"ஏன்டா நிறுத்தல?" சேதி கேட்டு ஓடிவந்த நெனித்தா அவனை உலுக்கினாள்.

"யாரும் சொல்லல."

"வலிக்கலையா?"

"வலிச்சுது."

ரமில் முனகினான்: "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

அவள் மீன் கூடையைத் தூக்கி ரமில்மேல் வீசினாள். அதன்பிறகு புருஷனைக் களத்துக்கு அனுப்பவில்லை. பிழைப்புக்கு அவளே மணிலாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

தினமும் மூன்று வேளை என் போனுக்குக் கூப்பிடுவாள். நான் அதை அவன் காதில் வைப்பேன். குளி என்பாள், குளிப்பான். சாப்பிடு என்பாள், சாப்பிடுவான். கடைசியில் என்னிடம் கேட்பாள்: "நான் எப்ப வருவேன்னு கேட்டானா அக்கா?"

இரண்டு வருஷமாக இதே கேள்வி. ஒருமுறை மனசு கேட்காமல், கேட்டான் என்று சொல்லிவிட்டேன்.

"நிஜமாவா? எப்படிக் கேட்டான்? என்ன வார்த்தை சொன்னான்?"

"அடுப்புல சோறு பொங்குது," என்று பேச்சை மாற்றினேன். அவளே போனை வைத்துவிட்டாள்.