வெள்ளச்சிக்குக் கரி பூசியவர்

என் அக்காள் புருஷன் சியெங் நூவான், ஓர் எருமைக்காக ஆறு வருஷம் ஊரோடு மல்லுக்கு நின்றவர். அதே ஆறு வருஷமும் வியட்நாம் எல்லையோரத்து எங்கள் சியெங்குவாங் சமவெளிக்காகப் பெரிய பெரிய ஆட்கள் பீரங்கியும் விமானமும் வைத்துச் சண்டை போட்டார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. மச்சானைப் பற்றி எழுத நான்தான் இருக்கிறேன்.

அந்த எருமை பிறவியிலேயே வெள்ளை. வெளுத்த தோல், வெள்ளை மயிர், சிவந்த மூக்கு. வெள்ளச்சி என்று கூப்பிடுவோம். மச்சான் வீடு, என் வீடு, இன்னும் இரண்டு வீடு, நான்கு வீட்டு வயலையும் அவள் ஒருத்திதான் உழுதாள்.

விமானங்கள் வரத் தொடங்கிய வருஷம் ஊர்த்தலைவர் தித் சோம் ஓர் உத்தரவு போட்டார். வெள்ளை நிறம் மேலேயிருந்து பளிச்சென்று தெரியுமாம். தெரிந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று குண்டு விழுமாம். அதனால் வெள்ளைத் துணி எல்லாம் அவுரிச் சாயத்தில் முக்கப்பட வேண்டும், வெள்ளைக் கோழி எல்லாம் சட்டிக்குப் போக வேண்டும். கோழி விஷயத்தில் ஊர் மிகுந்த கீழ்ப்படிதலோடு நடந்துகொண்டது. மிச்சம் இருந்தது வெள்ளச்சி.

"அறுத்துடு நூவான்" என்றார் தலைவர்.

"நீங்களே அறுங்க தலைவரே. கத்தி வேணும்னா நான் தர்றேன்."

வெள்ளை எருமையைக் கொன்றவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உத்தரவு போட ஆள் இருந்தது, கத்தி பிடிக்க ஒருவரும் இல்லை.

"அவ்வளவு உசரத்துலேருந்து எருமை எங்கய்யா தெரியப்போகுது? எறும்பாட்டம் இருக்கும்" என்றார் மச்சான்.

"எறும்புதான்யா. வெள்ளை எறும்பு. நல்லாவே தெரியும்!"

இரண்டு பேரும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் அரை நாள் கத்தினார்கள். முடிவில், அவள் வெளியே வரும்போதெல்லாம் கறுப்பாக வர வேண்டும், ஒரு நாள் தவறினாலும் தலைவரே அந்த நம்பிக்கை இல்லாத வெளியாளை வைத்துச் சுடுவார் என்று பேச்சானது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மச்சானுக்கு அதுதான் வேலை. சட்டிக்கரியை ஒட்டரிசிக் கஞ்சியில் குழைத்துக் கொம்பிலிருந்து வால்வரை பூசுவார். கஞ்சி வாசனைக்கு மற்ற எருமைகள் வந்து நக்கும். போதாததற்கு வெள்ளச்சி குட்டையில் இறங்கிப் பாதி வெளுத்து எழுந்து வருவாள். மறுபடி கரி.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எனக்கு ஒரு நாள் தலை வாரி விட்டிருப்பாரா இந்த மனுஷன்?" என்பாள் பெங் அக்கா. "எருமைக்கு மட்டும் தினம் அலங்காரம்!"

ஒருநாள் சாப்பாட்டின்போது நான் கேட்டேன். "ஏன் மச்சான், இத்தனை நாடு கிடக்கு, எல்லாரும் நம்ம ஊருக்கே ஏன் வர்றாங்க?"

மச்சான் பிரம்புத் தட்டைக் காட்டினார். "சுத்தி இருக்கிற கிண்ணமெல்லாம் மத்த ஊரு மாப்ள. நடுவுல சோத்துக்கூடை இருக்குல்ல, அதுதான் நாம. நாலா பக்கமும் மலை, நடுவுல நாம மட்டும்தான் தட்டை நிலம். வியட்நாமிலேருந்து வர்ற ரோடு இங்க வந்துதான் பிரியுது. விமானம் இறங்க இடமும் இங்கதான். இங்க உக்காந்தவனுக்கு இந்தப் பக்கம் ராஜா ஊரு, அந்தப் பக்கம் மேகோங், எந்தக் கிண்ணமும் கைக்கு எட்டும். அதான் ரெண்டு பேரும் வந்து நம்ம மடியிலேயே உக்கார்றானுங்க."

அது அப்படித்தான் நடந்தது. வெயில் காலத்தில் ரோடு காய்ந்ததும் லாரிகளோடு ஒரு படை வரும். மழையில் ரோடு சேறானதும் விமானத்தில் இன்னொரு படை வரும். நாங்கள் ஒரு கொடியின் கீழ் நட்டு இன்னொரு கொடியின் கீழ் அறுத்தோம். எந்தக் கொடி பறந்தாலும் உழுதது வெள்ளச்சிதான்.

உழவு முடிந்ததும் எருமையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அடித்ததற்கு, திட்டியதற்கு, நுகம் அழுத்தியதற்கு. கேட்டுவிட்டுக் கொம்பில் வெள்ளை நூல் கட்ட வேண்டும். தலைவர் அந்த நூலுக்கும் தடை போட்டார். ஆறு வருஷமும் மச்சான் நீல நூலே கட்டினார். அது அவருக்கு ஆறவே இல்லை. "மன்னிப்பையும் சாயத்துல முக்கிட்டாங்களே" என்று ஒவ்வொரு வருஷமும் புலம்புவார்.

ஆறாவது வருஷம், வெயில் காலத் தொடக்கத்தில், மழையில் விமானத்தில் வந்து சமவெளியைப் பிடித்திருந்த படை, லாரிப் படை திரும்பி வருமுன் எல்லோரையும் விமானத்தில் ஏறச் சொன்னது. தலைநகர் வியந்தியான் பக்கம் முகாம் இருக்கிறதாம். ஜனம் இருந்தால் எதிரிக்கு நெல் கிடைக்கும், சுமை தூக்க ஆள் கிடைக்கும், அதனால் ஒருவரும் இருக்கக் கூடாதாம். ஆடு மாடுகளைச் சுட்டுவிடுவார்களாம்.

"கூடையோட தூக்கிட்டுப் போறானுங்க மாப்ள" என்றார் மச்சான். ஊர்க் கோடியில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியிருந்தது. வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் வெள்ளச்சியை ஓடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். வைக்கோலை என் கையில் திணித்தார். "தேய்டா! ஒரு பொட்டுக் கரி இருக்கக் கூடாது!"

"மச்சான், வெளுப்பா விட்டா விமானம்..."

"தரையில இருக்கிறவனுக்கு முதல்ல பதில் சொல்லுவோம். மேல இருக்கிறவனை அப்புறம் பாத்துக்கலாம்."

தேய்த்தோம். ஓடை கறுத்து ஓடியது. சிப்பாய் வந்து துப்பாக்கியை உயர்த்தினான். வெள்ளச்சி ஈரத்தோடு பளபளவென்று திரும்பிப் பார்த்தாள். அவன் மேகோங் கரைக்காரன், அங்கேயும் வெள்ளை எருமை பற்றி அதே நம்பிக்கைதான். துப்பாக்கி தானாக இறங்கியது.

"யோவ், முன்னாடியே சொல்ல மாட்டியா? இதை நான் தொட மாட்டேன்யா, எனக்குக் குழந்தை இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

பெங் அக்கா மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். வெள்ளை நூல். இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, தெரியாது. மச்சான் அதைக் கொம்பில் கட்டிவிட்டு, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார், திட்டியதற்குக் கேட்டார். விட்டுவிட்டுப் போவதற்கு என்ன சொல்லிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

விமானத்தில் மச்சானுக்கு வட்டக் கண்ணாடி ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் தித் சோம். விமானம் மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. எங்கள் ரோடு தெரிந்தது, அது பிரியும் இடம் தெரிந்தது, குண்டுக் குழிகள் தெரிந்தன. காய்ந்த வயல் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வேறெதுவும் இல்லை.

மச்சான் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தலைவரே, நீங்க சொன்னதுதான் சரி" என்றார். "தெரியுது."

தித் சோம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நாலு வயல் தாண்டி நிற்கும் வாத்தை எண்ணிச் சொல்லும் கண் அவருக்கு.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே நூவான்" என்றார். "நீ சொன்னதுதான்யா சரி. இவ்வளவு உசரத்துலேருந்து எருமை எங்க தெரியப்போகுது?"