பிலோ அக்காவும் எரிக்காத தாரும்

விட்பி ரயில் நிலையத்தில் காரைப் பூட்டிவிட்டு மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது அன்ரன் தொலைபேசி எடுத்தான். பிலோ அக்காவின் ஒரே மகன். அந்தக் காலை நேரத்தில் அவன் எனக்கு எடுப்பதே இல்லை.

"அன்ரி, நீங்கள் ட்ரைவ் பண்ணேல்லையே?" என்று முதலில் கேட்டான். இல்லை என்றேன். "அம்மா விடியக்காத்தால போயிட்டா. நித்திரையில. ஹார்ட் எண்டு சொல்லுகினம்."

நான் "ஓம்" என்றேன். அவன் மேலும் ஏதோ சொன்னான். அதற்கும் "ஓம்" என்றேன். வந்த ரயிலில் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். நான் திரும்பிப் போய்க் காருக்குள் இருந்து, ஹீற்றரைப் போட மறந்து, கை விறைத்த பிறகுதான் அக்காவின் வீடு இருந்த மல்வேர்ன் பக்கம் காரைத் திருப்பினேன்.

பிலோமினா செபமாலையை உங்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுவில் அறிந்திருப்பீர்கள். எல்லோருடைய குரலுக்கும் மேலால் ஒரு குரல் கேட்குமே, அவர்தான். பூசை முடிந்ததும் பற்றிஸ் பலகாரப் பெட்டியோடு வாசலில் நிற்பவரும் அவர்தான். நான் சைவ சமயக்காரி; அந்தப் பிலோ அக்காவை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைக் கோட்டுப் போட்டு, கையில் கறுப்புக் கறையோடு நின்ற பிலோ அக்காவைத்தான் எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச்சொல்லி அன்ரன் கேட்டபோது, அவரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மன்னாரில் பிறந்தவர். இரசாயனப் பொறியியல் படித்து, கணவரோடு கனடா வந்து, அல்பேர்ட்டாவின் வடக்கே எண்ணெய் மணல் வயல்களில் நீண்ட காலம் வேலை செய்தார். அங்கே மணலோடு ஒட்டிக் கிடக்கும் தாரைப் பிரித்தெடுத்து, காய்ச்சி, பெற்றோலும் டீசலும் ஆக்குகிறார்கள். கணவர் இறந்த பிறகு, தங்கை இருந்த மல்வேர்னுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்காபரோவில் நான் வேலை செய்த சின்ன ஆய்வுகூடத்துக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

வந்த கிழமையே, மத்தியானச் சாப்பாட்டு மேசையில், என் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு கட்டியை வைத்தார். "உதை மணந்து பாருங்கோ" என்றார்.

எடுத்து மூக்கருகில் பிடித்து மணந்து பார்த்தேன். "றோட்டு மணக்குது, அக்கா."

"ஓம். எல்லாருக்கும் உது றோட்டு, இல்லாட்டி நெருப்பு. காய்ச்சி முடிய மிஞ்சிற அடிமண்டி. ஒருத்தருக்கும் வேண்டாம். நான் உதில நூல் நூற்கப் போறன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த அடிமண்டியை உருக்கி, ஊசிமுனைத் துளைகளால் இழுத்து, மெல்ல மெல்லச் சூடேற்றினால் காபன் இழை ஆகும். இரும்பை விடப் பாரம் குறைவு, இழுத்தால் இரும்பை விட உறுதி. சைக்கிள் சட்டத்துக்கு உதவும், காற்றாலை இறக்கைக்கு உதவும், பாலத்துக் கொங்கிறீற்றுக்குள்ளும் போடலாம். "எரிச்சால் ஒரு பயணத்தோட சரி. நெய்தால் பேரப்பிள்ளையளுக்கும் கிடக்கும்" என்பார். இந்த வசனத்தை அவர் சொல்லாத ஆளே ரொறன்ரோவில் இல்லை. பல் மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறார், வாய் திறந்த இடைவெளியில்.

அவர் நூற்பார், நான் அறுப்பேன். அதுதான் என் வேலை. இயந்திரத்தில் இழையின் இரண்டு முனையையும் பிடித்து, அறும்வரை இழுத்து, எங்கே அறுந்தது என்று குறித்துக்கொடுப்பது. காலை முழுவதும் அவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இழுத்த நூலை, நான் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் அறுத்துப் போடுவேன். "உங்களை மாதிரி ஒரு சத்துராதி எல்லாருக்கும் கிடைக்காது, சுகந்தி" என்று ஒருமுறை சொன்னார். சத்துராதி என்றால் எதிரி; அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஒரு கோடையில் எங்கள் கோயில் தேருக்கு அவரைக் கூட்டிப்போனேன். தேரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் தும்பு முட்டாஸ், அதுதான் பஞ்சு மிட்டாய், விற்கிறவருடைய இயந்திரத்துக்கு முன்னால் குனிந்து நிற்கிறார்.

"தம்பி, சீனி உருகிறதுக்கும் நூலாகிறதுக்கும் இடையில சூட்டைக் கூட்டுவீங்களோ?"

"அன்ரி, பின்னால சின்னப் பிள்ளையள் நிக்குதுகள். வாங்கிறீங்களோ, இல்லையோ?"

வாங்கினார். ஒன்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் திரும்ப வரிசையில் போய் நின்று, திரும்பவும் வாங்கினார். மூன்றாம் தரம் அந்தத் தம்பியே அவரை உள்ளே கூப்பிட்டு, மூடியைத் திறந்து காட்டினார். அல்பேர்ட்டாவில் இருந்த ஒரு நிதி அமைப்பு, எண்ணெய் மணலை எரிபொருளாக்காமல் வேறு பொருளாக்கும் வழிகளுக்கு மூன்று கட்டப் போட்டி வைத்துப் பணம் தருவதாக அறிவித்தபோது, எங்கள் விண்ணப்பத்தின் முதல் பந்தியே தும்பு முட்டாஸில்தான் தொடங்கியது. ஆய்வுகூட முதலாளி அதை வெட்டச் சொன்னார். பிலோ அக்கா வெட்டவில்லை. முதல் கட்டத்தில் எங்களுக்குப் பணம் கிடைத்தது. இரண்டாம் கட்டத்திலும் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் பிறகு எந்த வேலையிடத்திலும் காணவில்லை.

அவருடைய வீட்டில் மட்டும் அந்த மகிழ்ச்சி இருக்கவில்லை. அன்ரன் சுற்றுச்சூழல் படித்தவன். எண்ணெய்க் குழாய்களுக்கு எதிராகப் பதாகை பிடித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்:

"அம்மா, யூ ஆர் ஹெல்பிங் தெம். நூல் செய்யிறம், துணி செய்யிறம் எண்டு சொல்லிச் சொல்லி, அவங்கள் இன்னும் தோண்டப் போறாங்கள். அதை நிலத்துக்க விடுறதுதானே சரி?"

நான் தலையைக் குனிந்து மீன் முள்ளு எடுத்தேன்.

"எரிக்காமல் விடோணும். அதில நீ சொல்லுறது சரி" என்றார் அக்கா. "ஆனா அங்க என்னோட வேலை செய்த சனம் இருக்கு. வெல்டிங் செய்யிறவை, கன்ரீனில சமைக்கிறவை. நாளைக்கு எண்ணெய் வேண்டாம் எண்டு எல்லாத்தையும் மூடினா, அவையளுக்கு நீ என்ன வேலை வச்சிருக்கிறாய்?"

"அது என்ர கேள்விக்குப் பதில் இல்லை."

"இல்லைத்தான். நல்ல கேள்வி. முதல்ல சாப்பிடு."

அவன் எழுந்து போய்விட்டான். அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

மூன்றாம் கட்டம்தான் பெரிய பணம். அதற்கு ஒரு தொழிற்சாலை எங்களோடு கூட்டுச் சேர வேண்டும் என்பது விதி. அப்படி ஒன்று கிடைத்தது. அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் எங்கள் முடிவுகளைப் பார்த்துவிட்டு ஓர் ஆலோசனை சொன்னார். எங்கள் இழைகளில் சில மிக உறுதியாக இருந்தன, பல இல்லை. ஒரே உருளையில் வந்த நூலே ஓரிடத்தில் இழுபட்டு நின்றது, ஓரிடத்தில் பட்டென்று போனது. மிக உறுதியான சிலவற்றை மட்டும் விண்ணப்பத்தில் போடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் அவர்.

அவர் போன பிறகு அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நானும் கணவரும் அப்போதுதான் விட்பியில் வீடு வாங்கியிருந்தோம். "சுகந்தி, உங்களுக்கு மோட்கேஜ் இருக்கு. எனக்கு வாடகை வீடு. உங்களைக் கேளாமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "நான் அறுத்த நூலை அறாத நூல் எண்டு எழுத ஏலாது, அக்கா" என்றேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார். சட்டையில் கறுப்பாக ஐந்து விரலும் பதிந்துவிட்டது. "ஐயையோ" என்று சொல்லித் துடைக்கப் போய் அதை இன்னும் பெரிதாக்கினார்.

எல்லா இழைகளின் சராசரியையும் போட்டே விண்ணப்பம் போனது. நேர்முகம் வீடியோவில் நடந்தது. நடுவர்களில் ஒரு பெண் கேட்டார்: இதைச் சூடேற்றச் செலவாகும் சக்தியையும், பிரித்தெடுக்கும்போது வரும் கந்தகத்தையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இழை பூமிக்கு உண்மையிலேயே நல்லதா? மேலாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்: "எனக்கு முழுதாகத் தெரியாது. என் மகன் இதே கேள்வியை ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறான். தெரிந்த அளவைச் சொல்கிறேன். தெரியாததைக் கண்டுபிடிக்க இந்தப் பணத்தில் ஒரு பகுதி வேண்டும்." அந்தப் பெண் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை.

எங்களுக்குக் கிடைக்கவில்லை. இழையின் உறுதி ஒரே சீராக இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அக்கா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கினம்" என்றார். சில மாதங்களில் ஆய்வுகூடம் அந்தப் பிரிவையே மூடியது. எனக்கு ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் சோதிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. அக்கா ஓய்வு எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்று எழுதுகிறேன், உண்மையில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பணத்தை வென்ற குழு ஒன்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தது. நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில், முதல் சூடேற்றலில், அவர்களும் தடுக்கி நின்றார்கள். அக்கா ஒரு பின்னேரம் முழுவதும் அவர்களோடு கதைத்தார். எந்தச் சூட்டில் என்ன பிழைத்தது, எதை முயன்று எதைக் கைவிட்டோம், ஒன்றும் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்தபோது கோபம் வந்தது.

"அக்கா, அது எங்கட உழைப்பு. அவையள் வெண்டவை. காசும் அவையளிட்ட. நீங்கள் ஏன் சும்மா தூக்கிக் குடுக்கிறீங்கள்?"

"நான் பிழைவிட்ட இடத்தில இன்னொரு ஆளும் நிண்டு காலத்தை வீணாக்கோணுமே?" என்றார். "நூல் வந்தாக் காணும், சுகந்தி. ஆரின்ர கையால வந்தா என்ன?"

எனக்கு அது உடனே ஏறவில்லை. ரூஜ் பூங்காவில் நாங்கள் வழமையாக நடக்கும் பாதையில் அன்று இரண்டடி முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அவர் அதையும் பொருட்படுத்தவில்லை. வாத்துகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தார்.

அந்தக் குழு அவரை ஆலோசகராக அழைத்தது. வடக்கே போகும்போது ஒருமுறை அன்ரனையும் கூட்டிப்போனார். பூமியைத் தோலுரித்ததுபோல் கிடந்த சுரங்கத்தை அவனுக்குக் காட்டினார். பிறகு, தன்னோடு வேலை செய்த ஒரு வெல்டரின் வீட்டில் இரண்டு நாள் தங்கவைத்தார். திரும்பி வந்ததும் அன்ரன் என்னிடம் சொன்னான்: "அன்ரி, ஐ ஸ்ரில் திங்க் ஐ ஆம் ரைட். ஆனா அம்மாவைப் பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கிறதை விட்டிட்டன்." அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சண்டை பிடித்தார்கள்தான். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அக்கா பஸ் மாறி, ரயில் ஏறி என் வேலையிடத்துக்கு வந்தார். கைப்பையில் அந்தக் குழு அனுப்பிய இழை, ஒரு சின்ன உருளையில். "அவையளிட்டயும் மெஷின் இருக்கு. ஆனா உங்கட கையால அறுத்துப் பாக்கோணும்" என்றார். மேலதிகாரியிடம் கேட்டு, மதிய இடைவேளையில் இயந்திரத்தில் பூட்டினேன். முதல் இழை நின்றது, நின்றது, அறுந்தது. இரண்டாவதும் ஏறக்குறைய அதே இடத்தில். மூன்றாவதும் அப்படியே. எங்கள் இழைகள் ஒருநாளும் அப்படி அறுந்ததில்லை. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் போகும். அக்கா திரையைப் பார்த்தபடி நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"வடிவா அறுந்திருக்கு, என்ன?" என்றார்.

"வடிவா அறுந்திருக்கு, அக்கா."

இரண்டு பேரும் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதோம். எட்டிப் பார்த்த மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அடக்கத்துக்கு அந்த வெல்டரும் மனைவியும் விமானம் ஏறி வந்திருந்தார்கள். வென்ற குழுவிலிருந்து ஒருவர் வந்து பின் வரிசையில் இருந்தார். அன்ரன் போய் அவரைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிவந்தான்.

செலவுச் சடங்கு முடிந்த பின் அக்காவின் பொருட்களில் எது வேண்டும் என்று அன்ரன் என்னைக் கேட்டான். குசினியில் அவர் இடித்து வைத்திருந்த கறித்தூள் போத்தலை எடுத்துக்கொண்டேன். அது ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடும். முடியாத ஒன்றும் அவரிடமிருந்து என்னிடம் வந்திருக்கிறது. பெரிய பணம் மேசையில் கிடக்க, எல்லோரும் தன் வாயைப் பார்த்திருக்க, குரல் தடுமாறாமல் "எனக்கு முழுதாகத் தெரியாது" என்று சொல்லும் துணிவு. போன கிழமை என் வேலையிடத்தில் ஒரு கூட்டத்தில் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, தெரிந்த அளவைச் சொல்லத் தொடங்கினேன்.