பதம் பார்க்கும் விரல்

தங்க ரேக்கு ஒட்டுவதுதான் அவர் தொழில். கடைப் பெயர்ப் பலகை, படச் சட்டம், கண்ணாடிக் கதவு, எதுவானாலும் சரி, மூச்சுக்காற்று பட்டாலே பறக்கிற அந்தத் தங்கத்தாளைச் சுருக்கமில்லாமல் படியவைத்துவிடுவார். எல்லோரும் அவரை ரேக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரோ தன்னைப் பசைக்காரன் என்பார்.

“தங்கம் என்னங்க பண்ணும், பாவம்? பசை சொன்னதைக் கேட்டுட்டுக் கிடக்கும்.”

அது உண்மைதான். பசை பூசிய உடனே ரேக்கை வைத்தால் தங்கம் ஈரத்தில் முங்கி மங்கிப்போகும். பசை காய்ந்துவிட்டால் ஒட்டவே ஒட்டாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. விரலை மடக்கி முட்டியால் தொட்டால் மெல்லப் பிடித்து இழுக்க வேண்டும்; ஆனால் விரலில் துளிகூட ஒட்டி வரக்கூடாது. ஈரக்காற்று அடித்தால் அந்தப் பதம் தள்ளிப்போகும், வெயில் ஏறினால் முந்திக்கொள்ளும். கடிகாரத்தை நம்ப முடியாது, விரலைத்தான் நம்பவேண்டும். பூசிய பசையை அவர் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, தையல் மிஷினிலிருந்து மனைவி கேட்பாள்: “என் முகத்தை ஒரு நாளாவது இப்படி உத்துப் பார்த்திருப்பீங்களா?”

சர்க்கரை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மனைவியோடு பேசிக்கொண்டே சூடான இஸ்திரிப் பெட்டியில் கையை ஊன்றிவிட்டார். கருகுகிற வாடை வந்து அவள் கத்தின பிறகுதான் கையை எடுத்தார். வலிக்கவே இல்லை.

“அண்ணன்கிட்ட சொல்லிடுங்க” என்றாள். அவளுடைய அண்ணன்தான் தொழிலில் அவருக்குக் கூட்டாளி. எழுத்து வரைவது மச்சான், பசையும் தங்கமும் இவர்.

“சொன்னா சாரத்துல கால் வைக்க விடமாட்டான். அப்புறம் நான் வீட்ல உக்காந்து உனக்கு ஊசி கோக்கவா?”

“ஊசி கோக்கவும் விரல் வேணும்” என்றாள். அவரோ, அண்ணனுக்குச் சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கீத அரங்கின் வேலை வந்தது. வாசலுக்கு மேலே, இரண்டு மாடி உயரத்தில், மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளுக்குத் தங்கம் போடவேண்டும். மேனேஜர் அவசரக்காரர். பூசிய கொஞ்ச நேரத்திலேயே தயாராகிற தண்ணிப் பசை போதுமே என்றார்.

“அது வீட்டுக்குள்ள மாட்டுற சட்டத்துக்கு சார். இது மழையும் வெயிலும் வாங்கற இடம். எண்ணெய்ப் பசைதான் நிக்கும். சாயங்காலம் பூசினா காலையில தங்கம் வைக்கலாம்.”

அப்படியே பூசினார்கள். கொஞ்சம் மஞ்சள் சாயம் கலந்து, விட்டுப்போன இடம் தெரிகிற மாதிரி, மெல்லிசாக. ஆனால் இரவெல்லாம் காற்றில் ஈரம். காலையிலும் வானம் மூடியே கிடந்தது.

சாரத்தின் மேல் நின்று முதல் எழுத்தில் விரல் முட்டியை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினார். மரமா பசையா என்றே தெரியவில்லை. பக்கத்தில் மச்சான் ரேக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஆச்சா மாப்பிள்ளை?”

வழக்கமாக இந்நேரத்துக்கு ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

“ஆச்சு மச்சான். கொடு.”

முதல் எழுத்து முடிந்தது. இரண்டாவது எழுத்து பாதியில் இருக்கும்போது மச்சான் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, தங்கம் தூங்குது?”

முதல் எழுத்து மங்கி, ஓரமெல்லாம் சுருங்கி, பித்தளை மாதிரி கிடந்தது. மச்சான் எட்டி அடுத்த எழுத்தைத் தொட்டார். விரலில் மஞ்சளாகப் பசை வந்தது.

“நசநசன்னு இருக்கு! இதைத் தொட்டுட்டா ஆச்சுன்ன?”

மச்சான் அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் ஆறியும் ஆறாத தீக்காயம். விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். ரேக்குக்காரர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“எத்தனை நாளா இது?”

“கொஞ்ச நாளா.”

மச்சான் ரேக்குக் கட்டைப் பலகையில் வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். கீழே போய் தங்கைக்கு போன் போட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

அவள் தயங்கினாள். “தெரியும்ணே. சத்தியம் வாங்கிட்டாரு.”

“நல்லாயிருக்கு உங்க குடும்பம்! அரங்கத்து வாசல்ல நான் மானம் போய் நிக்கறேன்.”

“அதை விடு. அவரு இப்ப எங்க?”

“மேலதான்.”

“தனியாவா?” அவள் குரல் ஏறியது. “அண்ணே, அவருக்குப் பாதமும் மரத்துப் போச்சு. போன வாரம் செருப்பு கழண்டது தெரியாம வீதியில நடந்து வந்தாரு.”

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். ரேக்குக்காரர் மங்கின எழுத்தை டர்பன்டைன் துணியால் துடைக்கப் பலகையின் நுனிக்கு நகர்ந்துகொண்டிருந்தார். குதிகால் பாதி வெளியே நின்றது. அவருக்கு அது தெரியவில்லை.

கத்தினால் திரும்புவார், திரும்பினால் போச்சு. மச்சான் வாயை மூடிக்கொண்டு ஏறினார். அந்த ஏணி அவ்வளவு நீளமாக அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்துச் சுவரோடு சாய்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

“செத்துத் தொலைஞ்சிருப்பியேடா” என்றார். மாப்பிள்ளை என்கிற மரியாதையெல்லாம் அந்த நிமிஷம் காற்றில் போனது. ரேக்குக்காரர் கீழே பார்த்தார், தன் காலைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகையை அடக்கத் தோள் குலுங்கியது.

கீழிருந்து மேனேஜர் என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார். ரெண்டு எழுத்துக்கு மட்டும் அந்தத் தண்ணிப் பசையைப் பூசிவிடலாமே என்றார்.

“வேண்டாம் சார்” என்றார் மச்சான். “மாப்பிள்ளை, நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?”

ரேக்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “துடைச்சுட்டு, சீக்கிரம் பதம் வர்ற எண்ணெய்ப் பசையைப் பூசலாம். மத்தியானத்துக்கு மேல ஆயிடும். மத்த எழுத்தெல்லாம் அதுக்கு முன்ன பதம் வரும். ஆனா...”

“நான் தொட்டுச் சொல்றேன்.”

ஒரு கயிற்றை ரேக்குக்காரர் இடுப்பில் கட்டி சாரத்துக் கம்பத்தில் முடிந்தார் மச்சான். அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டார்.

“எப்படி இருக்கு?”

“பிசுபிசுங்குது.”

“விரல்ல வருதா?”

“லேசா.”

“அப்ப இல்ல. விடு.”

மேகம் இறங்கிக்கொண்டே வந்தது. மழை முந்துமா, பசை முந்துமா என்று இரண்டு பேரும் வானத்தையும் எழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மச்சான் மறுபடி தொட்டு, திகைத்த மாதிரி நின்றார்.

“பிடிச்சு இழுக்குது மாப்பிள்ளை. விரல்ல ஒண்ணுமே வரல.”

“கொடு ரேக்கை!”

பிறகு பேச்சே இல்லை. அவர் வைக்க, தூரிகையால் தடவ, மச்சான் அடுத்ததைத் தொட்டுத் தலையாட்ட, எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டன. துடைத்துப் பூசின இரண்டும் கடைசியாகப் பதம் வந்தன. அவை முடிந்து இருவரும் இறங்குகிறபோது தூறல் ஆரம்பித்தது. உற்றுப் பார்த்தால் அந்த இரண்டின் மினுக்கு மட்டும் கொஞ்சம் வேறு. மேனேஜருக்கு அது தெரியவில்லை. ரேக்குக்காரர் கடைசிவரை அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொள்வார்.

அதோடு அவர் சாரம் ஏறவில்லை. பெயர்ப் பலகையைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தால்தான் வேலை என்று மச்சான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காயம் ஏதும் பட்டிருக்கிறதா என்று அவர் கால்களை மனைவி தினமும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். வீட்டில் சட்டங்களுக்குப் பதம் பார்ப்பதும் அவளேதான். முதலில் அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஆகலை, அவசரப்படாதே என்று மல்லுக்கு நிற்பார். அவள் விடமாட்டாள்.

ஒரு நாள் ஓவல் சட்டம் ஒன்றைத் தொட்டுவிட்டு, “ஆச்சு” என்றாள்.

“இவ்வளவு சீக்கிரமாவா?”

“விரல் என்னுது. நான் சொல்றேன், ஆச்சு.”

அவர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டு, ரேக்கை எடுத்தார்.