அமுக்கிய மண்

கம்பிக்காரரை யாரும் ஏமாற்றியதில்லை; ஏமாற அவர் இடம் கொடுத்தால்தானே. கடையில் வாங்கிய அரிசியை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பார். நடத்துநரிடம் வழி கேட்டால் ஓட்டுநரிடமும் கேட்பார். சுரங்கக் கம்பெனி அவருடைய வயலைத் தோண்டி நிலக்கரியை அள்ளிக்கொண்டு, பள்ளத்தை மூடித் திருப்பித் தருகிறோம் என்று சொன்னதிலிருந்து ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றோடு அலைந்தார். எங்கே மண்ணைக் கண்டாலும் ஒரு குத்து.

தோண்டுவதற்கு முன்னால் மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவித்திருந்தார்கள். பள்ளத்தைப் பாறையும் கழிவுமாக நிரப்பிய பிறகு, அந்த மண்ணைத்தான் மேலே பரப்ப வேண்டும். குவியல் நாளுக்கு நாள் இளைப்பதாக அவருக்குப் பட்டது.

"பாதியை அமுக்கிட்டானுங்க" என்றார் மனைவியிடம்.

"மண்ணை அமுக்கி எங்க வெப்பாங்க? சட்டைப் பையிலயா?"

"உன் தம்பி வெப்பான். புல்டோசர் அவன் கையிலதான இருக்கு."

இந்தப் பேச்சு மைத்துனன் காதுக்குப் போனது. அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அக்கா வீடு என்பது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. வயல் விளையாவிட்டால் கடைசிவரை அதே அறைதான். அது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும்.

மண் பரப்பிய நாளில் கம்பிக்காரர் வரப்பிலேயே நின்றார். பக்கத்து வயலை இப்படித்தான் மூடினார்கள். முதல் மழைக்கே நடுவில் உள்வாங்கிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கம்பியைக் குத்தினார், சர்ரென்று இறங்கியது.

"இன்னும் அமுக்கு."

மைத்துனன் வண்டியை நிறுத்தினான். "ஈர மண்ணு மாமா. இதுக்கு மேல வண்டி ஏத்தினா இறுகிப் போயிடும்."

"டீசலை மிச்சம் பிடிக்கப் பாக்கறியா? அமுக்குடா."

நிலத்துக்காரர் புகார் கொடுத்தால் வம்பு என்று மேற்பார்வையாளரும் தலையாட்டினார். சாயங்காலம் வரை வண்டி போனது, வந்தது. கடைசியில் கம்பி ஒரு சாண் இறங்கி ணங்கென்று நின்றது. "இதுதான் தரை" என்று கம்பிக்காரர் திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

மக்காச்சோளம் விதைத்தார். மழை பெய்தது, பெய்த தண்ணீர் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. முழங்கால் உயரத்தில் பயிர் மஞ்சளடித்துச் சாய்ந்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள். நல்ல மண்ணை மேலே ஒரு பூச்சுப் பூசி, அடியில் கழிவைப் போட்டிருக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்க மண்வெட்டியோடு போனார். சாட்சிக்கு மனைவி.

மண்வெட்டி துள்ளியது. கடப்பாரை போட்டு நெம்பியதில் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முழங்கால் ஆழத்துக்கு ஒரே கறுப்பு மண். அதில் அங்கங்கே நீலத் துணுக்குகள். எந்தக் காலத்திலோ அவரே ஏர் ஓட்டிச் சிதைத்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். அவர் மண்தான், ஒரு கூடை குறையவில்லை. மக்காச்சோளத்தின் வேர் ஒரு சாண் இறங்கி, சிமெண்டுத் தரையில் முட்டியதுபோல் பக்கவாட்டில் திரும்பிப் படர்ந்திருந்தது.

மனைவி ஒரு நீலத் துணுக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "யார் அமுக்கினாங்கன்னு தெரிஞ்சுதா?"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சந்தேகப்பட வேறு ஆள் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை மைத்துனன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவன் பல் தேய்த்தபடி வெளியே வந்தான்.

"மாப்ள, மண்ணை நான்தான் அமுக்கிட்டேன்."

அவன் வாய் கொப்பளித்துவிட்டு, "தெரியும் மாமா. வண்டி ஓட்டினது நான்தான?" என்றான்.

கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு, பின்னால் நீளமான இரும்புக் கொக்கி மாட்டிய வண்டியோடு வந்தான். கொக்கி ஆழமாக இறங்கிக் கிழித்துக்கொண்டு போக, மண் பிளந்து உதிர்ந்தது. "ரெண்டு மூணு போகம் சுமாராத்தான் வரும்" என்றான். "அப்புறம் பழைய மாதிரி ஆயிடும். கம்பியைக் குத்திப் பாருங்க."

"வேணாம். நீ சொன்னா சரிதான்."

மைத்துனன் வண்டியை அணைத்தான். இறங்கி வந்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு மெல்லக் கேட்டான்:

"மாமாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"