வெருகல் ஆற்றில் மாமி கதைத்தது

மாமி என்னோடு முதன்முதலாகக் கதைத்தபோது என் மூக்காலும் வாயாலும் வெருகல் ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என் தலை மட்டும்தான் ஆற்றுக்கு வெளியே இருந்தது. அவருடைய ஈரக் கை என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடங்கள் கழித்து அவர் நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை நான் இன்னும் அதே ஒழுங்கில் நினைவில் வைத்திருக்கிறேன்.

குற்றம் என்னுடையதுதான். திருகோணமலைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன் நான். எண்ணெய்க் கையனுக்கு மகளைத் தரமாட்டேன் என்று மாமி சொல்லியிருந்தார். ஒரு ஆவணி மாதம் அவர் வெருகல் முருகன் திருவிழாவுக்குப் போன சமயம் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும் பதிவாளரிடம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டோம். ஆற்றில் முழுகிவிட்டு ஈரச்சேலையோடு கரையேறிய மாமிக்கு அந்தச் செய்தியை யாரோ கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியவர் மூன்று மாதம் எங்கள் லிங்கநகர் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகள் கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒரு பையில் பத்தியச் சரக்கு அரைத்துக் கட்டிக்கொண்டு வந்தார், எங்களோடேயே தங்கினார். மகளோடு கதைத்தார், பேரப்பிள்ளையோடு கதைத்தார், என்னோடு மட்டும் இல்லை.

அதைப் பகை என்று சொல்லவும் ஏலாது. எனக்குச் சூடை மீன் சொதி பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், வாரத்தில் இரண்டு நாள் வைப்பார். நான் சாப்பிட உட்கார்ந்ததும் குசினிக்குள் நின்று, "பிள்ளை, அவருக்கு இன்னும் கொஞ்சம் விடு, சோத்துக் கோப்பை காயுது" என்பார். நான் மூன்றடி தூரத்தில் இருந்து, "வயிறு நிறைஞ்சிட்டுது, காணும் எண்டு அம்மாட்டச் சொல்லும்" என்பேன். என் மகள் நடக்கப் பழகிய காலத்திலேயே எங்கள் இருவருக்கும் நடுவில் செய்தி காவப் பழகிவிட்டாள்.

பதினான்காவது வருடம் மனைவி கிணற்றடியில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு வெடித்துப் படுத்திருந்தாள். மாமி உடனே வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்து, வெள்ளியில் ஒரு சின்னக் கால் செய்வித்தார். மூதூரிலிருந்து வெருகல் வரை நடந்துபோய் அதைச் சாத்த வேண்டும். எழுபதை நெருங்கியவரைத் தனியே விட ஏலாது. மனைவி என்னைப் பார்த்தாள். கோயில் என்றால் வாசலில் செருப்புக் காவல் நிற்கிறவன் நான். ஆனாலும் ஓம் என்றேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருவரும் வருவதாக இருந்ததால் துணிவு வந்தது. கதை காவுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதே.

லோஞ்சிப் படகில் மூதூர் போய் இறங்கி நடக்கத் தொடங்கினோம். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாமி அக்காவிடம் சொல்வார், அக்கா என்னிடம் சொல்வார். ஆனால் அக்கா பக்தி மிகுந்தவர். வழியில் கண்ட ஒவ்வொரு வைரவர் சூலத்துக்கும் முழுத்தொண்டையில் அரோகரா போட்டார். இரண்டாம் நாள் காலை எழும்பியபோது அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. மாமியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அன்று மாமி மரங்களோடு கதைத்தார். "இந்த வெயிலுக்கை கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு நடந்தால் நல்லது" என்று ஒரு வேம்புக்குச் சொன்னார். நான் போத்தலைத் திறந்து குடித்துவிட்டு, "மற்றாக்களும் குடிக்கலாம்" என்று அதே வேம்புக்குச் சொன்னேன். வயல் வெளியில் ஒரு கொக்கிடம், "காலில கொப்பளம் வந்தால் ஊசியால குத்தக்கூடாது" என்றார். நான் கொப்பளத்தோடு நொண்டுவதை அவர் கவனித்திருக்கிறார். நடுவில் நடந்த அக்கா சத்தம் வராமலே சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஈச்சிலம்பற்றைத் தாண்டி, பிற்பகல் வெயில் சாயும்போது வெருகல் ஆற்றங்கரைக்கு வந்தோம். மாவலி கங்கை கடலைச் சேருமுன் அகன்று மெதுவாகிற இடம் அது. கரை முழுக்கச் சனம். சாத்துவதற்கு முன்னால், நேர்த்திக்குச் செய்வித்த அந்தச் சின்ன வெள்ளிக் காலை ஆற்றுத் தண்ணீரில் கழுவ வேண்டும். கரைத்தண்ணீர் கலங்கியிருந்தது. மாமி செம்பை மணலில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து, "நடுவில ஓடுற தண்ணி ஒரு செம்பு கிடைச்சால் நல்லது" என்றார். நான் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். துறைமுகத்தில் நீந்தி வளர்ந்தவனுக்கு இந்த ஆறு எம்மாத்திரம் என்ற எண்ணம்.

செம்பை நிரப்பித் திரும்பி ஓரடி வைத்தேன். அந்த அடிக்குக் கீழே ஆறு இல்லை. மணல் அள்ளி ஆழக் குழியாகிப்போன கிடங்கு ஒன்று அங்கே இருந்திருக்கிறது. உப்புக்கடல் ஆளைத் தூக்கும், நல்ல தண்ணீர் தூக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அது நல்ல இடமில்லை. ஒரு கையால் மட்டும் நீந்தினேன். மற்றக் கையில் செம்பு. மாமி கேட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. கீழே போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலருக்குச் சொன்னதில்லை. தேயிலைச் சாயம் போல இருந்த தண்ணீருக்குள் வெயில் நீளநீளமாக இறங்கி வந்தது. கரையில் போட்ட அரோகரா தூரத்து எஞ்சின் சத்தம் மாதிரி நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பயம் உச்சத்துக்கு ஏறி, பிறகு எங்கேயோ நழுவிப் போய்விட்டது. என்னை யாரோ நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், என் கோபதாபம் எல்லாம் தெரிந்தும் கைவிடாமல் பிடித்திருக்கிறார்கள் என்ற நிச்சயம் வந்தது. கனவல்ல, காட்சியுமல்ல. அவ்வளவு தெளிவாக நான் வேறெதையும் உணர்ந்ததில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது, மூன்று மூச்சு நேரமாக இருக்கலாம். பிறகுதான் மணிக்கட்டில் அந்தப் பிடி விழுந்தது.

மாமி அந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். கிடங்கின் விளிம்பைக் கால்விரலாலேயே கண்டுபிடித்து, அதில் குதிக்காலை ஊன்றி நின்றிருந்தார். என் தலை வெளியே வந்ததும் சொன்னார்:

"செம்ப விடுங்கோ தம்பி. செம்ப விட்டுட்டு மற்றக் கையையும் தாங்கோ."

விட்டேன். செம்பு ஒரு சுற்றுச் சுற்றி அமிழ்ந்தது. கால் மணலில் பட்டதும் நான் இருமினேன். மாமி என் முதுகில் தட்டிக்கொண்டே அழுதார், பிறகு சிரித்தார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

கரையில் உட்கார்ந்த பிறகு, "ஏன் மாமி இவ்வளவு காலம்?" என்று கேட்டேன்.

"கோவம் மூண்டாம் வருசமே போயிட்டுது தம்பி," என்றார். "ஆனா அண்டைக்குச் செய்தி கேட்டதும் திரும்ப உந்த ஆத்துக்கை இறங்கி நிண்டுதான் முருகனிட்டச் சத்தியம் பண்ணினனான், உங்களோட ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை எண்டு. அவனிட்டச் சொன்னத நானா எப்பிடி மாத்துறது? ஒவ்வொரு வருசமும் வந்து, என்னை விட்டுவிடு எண்டு கேக்கிறனான். இண்டைக்கு உங்களைத் தாழ விட்டுட்டு, கதையன் பாப்பம் எண்டு கேட்டுட்டான்."

அந்தச் சின்ன வெள்ளிக் காலை மாமி தன் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் கழுவினார்.

மனைவியின் கால் சுகமாகி வருடங்களாகிவிட்டன. மாமி இப்போது நடந்து போவதில்லை, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன். மூதூர் தாண்டும் வரை ஒரு கதை, அங்கிருந்து வெருகல் வரை இன்னொரு கதை. வேலை நேரத்தில் பட்டறைக்கு ஃபோன் எடுத்து, வெண்டிக்காய் முற்றலாக வாங்கி வந்ததைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைப்பார். பதினான்கு வருடத்து நிலுவை என்று மனைவி சொல்கிறாள். என் நண்பர்கள், முன்னைய காலம்தானே உனக்கு நிம்மதி என்று பகிடி பண்ணுகிறார்கள். நான் ஃபோனை வைப்பதில்லை.

அன்று கோயிலுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஈர வேட்டியோடு நானும் உள்ளே போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். மாமி மகளின் பெயரைச் சொன்னார், பேத்தியின் பெயரைச் சொன்னார். அடுத்தது நான். என் நட்சத்திரம் மாமிக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் ஐயரே என் பெயரையும் அனுஷ நட்சத்திரத்தையும் சொல்லி, "இவரும்தானே அம்மா?" என்று கேட்டார். நான் அவரை அதற்கு முன் கண்டதே இல்லை. மாமி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். ஐயர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, இவர்தானோ அவர்?" என்றார்.