பலகையில் வந்த பிழை

கொட்டகலை பஜாரில் எங்கள் மளிகைக் கடை வாசலில் அந்தப் பலகையை மாட்டி, பெயிண்ட் காய்வதற்குள் என் மானம் கப்பலேறிவிட்டது. மேலே தமிழில் 'உங்கள் ஆதரவுக்கு நன்றி'. கீழே அதையே சிங்களத்தில் எழுத வேண்டும். சிங்களத்தில் விலை சொல்வேன், பேரம் பேசுவேன், திட்டினால் புரிந்துகொள்வேன். எழுத அது போதும் என்று நினைத்தேன். ஆதரவுக்கு 'ஆதரய' என்று போட்டேன். காதில் ஒன்றுபோலத்தானே விழுகிறது. ஆனால் சிங்களத்தில் 'ஆதரய' என்றால் காதல். சிங்களப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்பீர்கள். தெரியும். அந்த வாரம் என் மூளை என்னிடம் இல்லை.

காரணம், எதிரே தபால் கந்தோரில் வேலை பார்த்த மிஸ். மாத்தறையில் பிறந்த சிங்களப் பெண். முத்திரை வாங்க வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் தமிழ் படித்ததால், அவர்கள் லயன் வீடுகளில் பேசும் அசல் லயத்துத் தமிழ் பேசுவாள். இரண்டு வருடமாகத் தினமும் மத்தியானம் வந்து ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கி, நின்றபடியே எனக்குப் பாதியைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பாள். அதற்கு நாங்கள் இருவரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை பிஸ்கட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஊருக்கே வேலை மாத்தம் வந்திருக்குங்க. வேணாம்னா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும்." ஒரு மனிதன் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. நானும் திறந்தேன். "அங்க தேங்கா மலிவு, மிஸ்" என்றேன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

என் பயம் கல்லாவில் உட்கார்ந்திருந்தது. அப்பா சிங்கள வாடிக்கையாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே சிரித்துப் பேசுவார். ஆனால் தமிழன் கடை என்பதற்காக ஒருமுறை கலவரத்தில் இதே கடையை எரித்ததை எதிர்ச்சந்தில் நின்று பார்த்தவர் அவர். "யாவாரம் வேற, வீடு வேற" என்பார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார், தெருவைப் பார்ப்பார். பிஸ்கட் பாதியாவதை அவர் கவனித்திருந்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பலகையை மாட்டினோம். ஹட்டன் பஸ் கண்டக்டர் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்க காதலுக்கு நன்றியாம். நம்ம எப்ப காதலிச்சோம், முதலாளி?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. நான் சீனி மூட்டைக்குப் பின்னால் குனிந்து, இல்லாத எலியைத் தேடினேன்.

மத்தியானம் மிஸ் வந்தாள். ஒரு கையில் பேனா, மறு கையில் மடித்த கடிதம். மாத்தம் வேண்டாம் என்று எழுதியது, இன்னும் கொடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னாள்: "இது பிழைங்க. 'சஹயோகய'ன்னு வரணும். இது வேற வார்த்தை."

ஓடலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு அவளே நின்றாள்.

"பிழை இல்ல, மிஸ். ஒருத்தங்களுக்காக எழுதினது. மத்தவங்க சும்மா படிக்கிறாங்க."

உண்மையில் அது பிழைதான். சொன்ன அந்த நிமிடத்தில்தான் சரியானது. அவள் பேனாவை மூடினாள். நேராகக் கல்லாவுக்குப் போனாள். அதுவரை அப்பாவை எல்லோரையும்போல 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, அரைக் கிலோ பருப்பு கட்டி வைங்க. இந்தக் கடிதத்தக் குடுத்துட்டு வந்து எடுத்துக்கிறேன்."

போர்டிங்கில் சாப்பிடுகிறவளுக்குப் பருப்பு எதற்கு? அவள் தெருவைக் கடந்து தபால் கந்தோருக்குள் போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"டேய், சிங்களத்துல மாமான்னா என்னடா?"

"மாமாதாம்ப்பா."

அப்பா தானே எழுந்து போய்ப் பருப்பை நிறுத்தார். தட்டு சரியாக நின்றதும், மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.