என் தங்கச்சி தூங்கிய ஜன்னல் அறை

என் தங்கச்சி ஒரு பொய்க்காரி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மலை மேல் இருக்கிற காந்தலூருக்குப் போய் ஒரு பொய்யைச் சொன்னாள். அதைச் சொல்லி வாங்கின அறையில் இரண்டு நாள் கால் நீட்டித் தூங்கிவிட்டு வந்தாள். அவள் சொன்ன பொய் முழுக்க என்னுடைய வாழ்க்கை.

நாங்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் ஆறு கறவை மாடு. காலை மூன்றரைக்கு எழுந்தால்தான் ஐந்தரைக்குள் சொசைட்டி வண்டிக்குப் பால் போகும். மத்தியானம் இரண்டரைக்கு மறுபடியும் கறவை. போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதிலிருந்து ராத்திரி இரண்டு தடவை, மூன்று தடவை தூக்கிக் கொண்டுபோய் பாத்ரூமில் உட்கார வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் புல் அறுப்பார், சாணி அள்ளுவார், பால் கேனைத் தூக்குவார். ஆனால் மருமகன் கை தன் மேல் பட அம்மா விடமாட்டாள். அதனால் ராத்திரி என்னுடையது, மூன்றரையும் என்னுடையது. நடுவில் துண்டு துண்டாகக் கிடைப்பதுதான் என் தூக்கம்.

தங்கச்சி கோயமுத்தூரில் இருக்கிறாள். ஆபீஸ் வேலை. நோம்பி, பண்டிகை நாளில் வருவாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுப்பாள். சாயங்காலம் போய்விடுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டாள். பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலை. கட்டிலில் வெள்ளைக் கம்பளி, அதற்கு வெளியே அவளுடைய இரண்டு பாதங்கள். கீழே எழுதியிருந்தாள்: "தனியாக ஒரு சின்னப் பயணம். பத்து மணி நேரம் தூங்கினேன். எல்லாரும் தங்களுக்காக இப்படி இரண்டு நாள் ஒதுக்கணும்." சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் என்று நாற்பது பேரும் கை தட்டினார்கள், பூப் போட்டார்கள். நான் அப்போது உதைக்கிற மாட்டுக்குக் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய புடவையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. வீட்டைப் பார்த்தும் வந்ததில்லை. அந்தக் கம்பளியைப் பார்த்து வயிறு எரிந்தது. இரண்டு மாதமும் தினம் ஒரு தடவையாவது அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே ஹோம்ஸ்டேயின் போர்டும் அதில் போன் நம்பரும் தெரிந்தது. கூப்பிட்டு, ஜன்னல் இருக்கிற ரூம்தான் வேண்டும் என்று சொன்னேன். தங்கச்சி வந்து போன கதையைச் சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்லி எனக்கு எதுவும் கிடைக்க வேண்டியதில்லை.

"ஏம்புள்ள, தூங்கறதுக்கு யாராச்சும் மலையேறிப் போவாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க கொழுந்தியா போனாளே, அப்ப மட்டும் கை தட்டுனீங்க?"

ஒரு ராத்திரிக்கு மட்டும் அம்மாவோடு படுத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டு வைத்தோம். கறவையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர்.

கிளம்பின அன்றைக்கும் மூன்றரைக்கு எழுந்து கறந்துவிட்டுத்தான் கிளம்பினேன். பல் விளக்கவில்லை. கைக்குக் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸுக்கு ஓடினேன். பொள்ளாச்சியில் பழநி பஸ் ஏறி, உடுமலையில் இறங்க வேண்டும். ஏறி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கண்டக்டர் குரல்தான்.

"அம்மா, மொட்டை போடறதா இருந்தா எறங்கிக்குங்க. பழநி வந்தாச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தோளைத் தடவிக்கொண்டு எழுந்தார். உடுமலையிலிருந்து என் தலை அவர் தோளில்தான் இருந்ததாம். "நல்லாத் தூங்குனீங்க. எழுப்ப மனசு வரலீங்க" என்றார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும். அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகத் தூங்கியது அவர் தோளில்தான்.

பழநியில் இறங்கி நடந்தபோதுதான் கால் இடறியது. குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அம்மா செருப்பு. இரண்டுமே இடது கால் செருப்பு. சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அப்படியே திரும்பி உடுமலைக்கு வந்து, மறையூர் பஸ் பிடித்தேன். சின்னாறு செக்போஸ்டில் எல்லாரும் யானை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். நான் எனக்கு முன் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் எழுப்ப அவள் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். அதனால் அவள் தூங்கலாம். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

மறையூரிலிருந்து ஜீப்பில் காந்தலூர் போய்ச் சேரும்போது மணி இரண்டு. ஹோம்ஸ்டே நடத்துகிறவள் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், அந்த ஊர்த் தமிழ்ப் பெண். வீட்டை ஒட்டியே நான்கு அறை கட்டி விட்டிருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. ஜன்னல் ரூம்ல கொச்சியிலேருந்து புருசன் பொண்டாட்டி வந்திருக்காக. போன தடவையே அவுகளுக்குச் சொல்லி வச்ச ரூம வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். இந்தத் தடவையும் இல்லேன்னா அடிக்க வந்துருவாக. பின்னாடி ரூம் நல்லா இருக்கும்க்கா."

பின்னாடி ரூமுக்கு அடுத்தது பூண்டு காயப்போடுகிற கொட்டகை. தலையணை முதல் தண்ணீர்ச் செம்பு வரை பூண்டு நாற்றம். கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஜன்னல், அதற்கு வெளியே மாட்டுத் தொழுவம். நூறு மைலுக்கு மேல் வந்து மறுபடியும் மாட்டு முகத்தில்தான் விழித்தேன்.

சரி, முதலில் பல்லாவது விளக்கலாம் என்று பையைத் துழாவி, பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கி வாயில் வைத்தேன். தேய்த்த பிறகுதான் கசப்பு ஏறியது. மாட்டுக் காம்பு வெடித்தால் தடவுகிற களிம்பு. வீட்டில் இரண்டு ட்யூபும் ஒரே மாடத்தில் இருக்கும். பத்துத் தடவை கொப்பளித்தும் போகவில்லை. ட்யூபை வாஷ்பேசின் மேல் எறிந்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

திடுக்கென்று விழிப்பு வந்தது. போனைப் பார்த்தேன். மூன்று நாற்பது. அலாரம் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் போய்விட்டது. சொசைட்டி வண்டி நிற்காது. வெளியே ஒன்றும் தெரியாமல் மங்கலாக இருந்தது. பாத்ரூமில் இருந்த வாளியை எடுத்துக் கழுவிக்கொண்டு ஓடினேன். கால் தானாகவே தொழுவத்துக்குப் போனது. மாடு நின்றுகொண்டிருந்தது. முதுகைத் தட்டி, மடியைக் கழுவி, உட்கார்ந்து கறக்க ஆரம்பித்துவிட்டேன். காம்பு என்ன இன்றைக்குக் குட்டையாக இருக்கிறது, வீக்கமா, களிம்பை எங்கே வைத்தேன் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. நாலு காம்பையும் ஒட்டக் கறந்தேன். நுரை நின்றது.

"அக்கா! என்னக்கா பண்றீக?"

ஹோம்ஸ்டேக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கறந்தாச்சுங்க. கேனைக் கொண்டாங்க, வண்டி வந்துரும்" என்றேன்.

"எந்த வண்டிக்கா? இது எங்க மாடு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏனுங்க, மணி என்னங்க?"

"நாலு ஆகப்போகுது. சாயங்காலம் நாலு."

மூன்று நாற்பது என்றால் என் உடம்புக்கு விடியற்காலை மட்டும்தான் தெரியும். மங்கலாக இருந்தது மலையிலிருந்து இறங்கின மூடுபனி. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"நாலு காம்பையும் கறந்துட்டீகளே! ஒரு காம்பு கன்னுக்குட்டிக்கு விடுவோம்க்கா."

எங்கள் பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடுகளில் கன்றுக்குட்டியை மடியில் விடுவதில்லை. கறந்துவிட்டுத்தான் புட்டியில் ஊட்டுவோம். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கன்றுக்குட்டி கட்டுத்தறியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "கன்னுக்குட்டிக்கு இதுல ஊத்துங்க, நான் வேணும்னா ஊட்டறேன்" என்றேன். அதற்குப் புட்டிப் பழக்கம் இல்லையாம். சாயங்காலம் முழுக்க அது கத்தியது.

திட்டுவாள் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுப்படிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாலில்லாத கட்டன்காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"எனக்குன்னே வர்றீக பாருங்க, உங்க பாலக்காட்டு ஆளுக. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியும் ஒருத்தவுக வந்தாக. ஆறு மாடாம். மூணரைக்கு எந்திரிக்கணுமாம். அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சு கெடக்காம். ராத்திரியெல்லாம் தூக்கித் தூக்கித் தன் இடுப்பே போச்சுன்னு சொல்லி அழுதாக. கேட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சுக்கா. கொச்சிக்காரவுக ரூமை அவுகளுக்குத்தான் தூக்கிக் குடுத்தேன். மூணு நேரமும் சோறு கட்டிலுக்கே கொண்டு போனேன். தலைக்கு எண்ணெய் வச்சு விட்டேன்னாப் பாத்துக்கங்களேன்."

காப்பி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க மாட்டைப் பாத்தாளா?"

"வாங்க பாக்கலாம்னேன். மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டாக. பாவம், மாட்டைப் பாத்தாலே வெறுத்துப் போச்சு போலன்னு நெனைச்சுக்கிட்டேன்."

போனை எடுத்து, தங்கச்சி அம்மாவோடு உட்கார்ந்திருக்கிற போட்டோவைக் காட்டினேன்.

"இவுகளேதான்! தெரிஞ்சவுகளா?"

"என் தங்கச்சி."

"அப்ப அந்த ஆறு மாடு?"

"என்னுது. மூணரைக்கு எந்திரிக்கறது நானு. அம்மாவைத் தூக்கறதும் நானு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதீக. நீங்களும் ஜன்னல் ரூமைக் கேட்டுத்தான வந்தீக. ஜன்னல் ரூம் வேணும்னா உங்க வீட்ல எல்லாரும் இதே கதையத்தான் சொல்லுவீகளா?"

என் கதையை எனக்கு முன்னால் ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அழுது சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படி அழகாகச் சொல்லத் தெரியாது. நான் சொன்னது இரண்டாவது தடவை கேட்கிற கதை.

அவள் என் அறைக்கு வேறு வாளி வைக்கப் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தக் களிம்பு ட்யூப் இருந்தது. "இது ஏன்க்கா பல்லு விளக்குற எடத்துல கெடக்கு?"

சொன்னேன். அவள் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதி தீர்ந்து, அடியிலிருந்து சுருட்டிய ட்யூப். என் மாட்டு ரோமம் மூடியில் ஒட்டியிருந்தது.

"மாட்டு மருந்தைப் பையில தூக்கிக்கிட்டு எந்த டூரிஸ்ட்டும் வரமாட்டாகக்கா" என்றாள். சிரிக்கவில்லை. எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். "உக்காருங்க, வச்சு விடுறேன்."

"அவளுக்கு வச்ச மிச்சம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கச்சியின் பத்து மணி நேரத் தூக்கத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் உட்கார்ந்தபோது அது போய் வேறு ஒன்று வந்தது. ஒருத்தி அவளைப் பார்த்து "பாவம்" என்று சொல்லியிருக்கிறாள். சோற்றைக் கட்டிலுக்குக் கொண்டு போயிருக்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை. நாற்பது பேர் இருக்கிற குழுவில் ஒருத்தர் சொன்னதில்லை. எனக்கு வரவேண்டியது அது. அவள் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த ராத்திரி பூண்டு வாசத்தில் புரண்டுகொண்டிருந்தேன். மூன்றரைக்கு அலாரம் இந்தத் தடவை சரியாக அடித்தது. காலையில் கொச்சிக்காரர்கள் ஜீப்பில் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். ஜன்னல் அறையின் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று பார்த்தேன். கட்டில் மேல் அதே வெள்ளைக் கம்பளி. உள்ளே போகவில்லை. கன்றுக்குட்டி மடியில் முட்டிக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டு இடது கால் செருப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் செய்தேன். மறுக்கவில்லை. "அக்கா, சும்மா பேச்சுக்குச் சொன்னேன். ரூம் கிடைக்கணும்ல. நம்ம ஊடுதானே, நம்ம அம்மாதானே, நம்ம மாடுதானே. இதைப் போய் யாருகிட்டயும் பேசிட்டு இருக்காதே" என்றாள்.

நம்ம அம்மாதான். அதனால்தான் நாலு பேருக்கு முன்னால் பேசுகிறேன்.

தங்கச்சி, இனி போனில் எனக்குப் பதில் வேண்டாம். நீ போட்ட ஜன்னல் போட்டோ இன்னும் குடும்பக் குழுவில் இருக்கிறது. அதற்குக் கீழேயே எழுது. காந்தலூரில் நீ சொன்ன ஆறு மாட்டைக் கறக்கிறது யார், அம்மாவை ராத்திரி தூக்குகிறது யார் என்று எழுது. அம்மாவோடு படுத்து, மூன்றரைக்கு எழுந்து, பத்து நாள் இந்த வீட்டில் நீ இருக்கப்போவது என்றைக்கு என்று தேதியையும் எழுது. சித்தப்பாவும் மாமாவும் அத்தை பிள்ளைகளும் எல்லாரும் பார்க்கிற மாதிரி, உன் பெயரில், அங்கேயே எழுது.